சுவரேறிய கணினி

1976இல் ஆப்பிள்-1 கணினிக்கு 666.66 டாலர் கொடுத்தவரின் கைக்கு வந்து சேர்ந்தது, சில்லுகள் பதித்த ஒரு பச்சைப் பலகை மட்டுமே. விசைப்பலகை இல்லை, திரை இல்லை, மின்மாற்றி இல்லை, பெட்டியும் இல்லை. ஏறத்தாழ 200 பலகைகள்தான் அப்படி உருவாயின. வாங்கியவர்களில் பலர் தச்சுவேலை தெரிந்த நண்பரையோ தங்கள் சொந்தக் கையையோ நம்பி மரக்கூடு செய்துகொண்டார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆப்பிள்-1 அப்படியொரு மரக்கூட்டுக்குள்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டே ஆப்பிள்-2 பிளாஸ்டிக் உறையோடு வந்தது. 1981இல் ஐ.பி.எம். பி.சி. இரும்புத் தகட்டுப் பெட்டியோடு வந்தது. அதிலிருந்து கேபினட் இல்லாத மேசைக் கணினியை யாரும் கற்பனை செய்வதில்லை. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டிக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்றுகூட எவரும் கேட்பதில்லை.

கேட்பவர்கள் ஒரு சிறு கூட்டத்தார். அவர்கள் கேபினட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கணினியின் பாகங்களை ஒரு பலகையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, அந்தப் பலகையைச் சுவரில் மாட்டுகிறார்கள். மதர்போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு இன்னொரு பக்கம், நடுவே வண்ண நீர் ஓடும் கண்ணாடிக் குழாய்கள், ஓரத்தில் மெதுவாகச் சுழலும் விசிறிகள். பார்ப்பவருக்கு முதலில் தெரிவது அழகுதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான சுவை வேறிடத்தில் இருக்கிறது. கேபினட் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் அத்தனையும், அதைக் கழற்றிய மறுகணமே, செய்பவரின் தலையில் வந்து விழுகின்றன. எடையைத் தாங்குவது, வெப்பத்தை வெளியேற்றுவது, வானொலி அலைகளை அடைப்பது, தூசியைத் தடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, எதை எதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற இயற்பியல் கேள்விக்குப் பதில் சொல்வது.

வேலை காகிதத்தில் தொடங்குகிறது. ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத்திட்டத்தை இன்டெல் 1995இல் வகுத்தது. அதன்படி முழு அளவு மதர்போர்டு 305 மி.மீ. உயரமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. 2001இல் தைவானின் வி.ஐ.ஏ. நிறுவனம் கொண்டுவந்த மினி-ஐ.டி.எக்ஸ். பலகை 170 மி.மீ. சதுரம். இந்த அளவுகளில் காகிதம் வெட்டி, தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். இடம் முடிவானதும் பிளைவுட்டிலோ அக்ரிலிக்கிலோ அலுமினியத் தகட்டிலோ துளையிடப்படும். மதர்போர்டின் பின்புறம் முழுக்கச் சால்டர் முனைகள் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை பலகையில் படாமலிருக்கச் சிறு பித்தளைத் தாங்கிகள்மேல் அது நிற்கும். அலுமினியத்தில் இது உயிர்நாடியான விஷயம் என்பது எல்லோருக்கும் தெரியும். கார்பன் ஃபைபர் தகடும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தச்சு வேலைக்கு நேரமில்லாதவர்களுக்குத் தயாரான சட்டங்களும் உண்டு. 2015இல் தெர்மால்டேக் நிறுவனம் வெளியிட்ட கோர் பி5 அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் சொந்தமாகத் துளை போட்டவருக்குக் கிடைக்கும் அறிவு அதில் கிடைக்காது.

அந்த அறிவின் முதல் பாடம் தூரம்.

அமெரிக்கக் கடற்படையின் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் தன் சொற்பொழிவுகளில் ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை எல்லோருக்கும் கொடுப்பார். ஒரு நானோநொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி அதிகபட்சமாகக் கடக்கக்கூடிய தூரம் அது. செம்புக் கம்பி வழியே போகும் குறியீடு அதைவிட மெதுவானது; நல்ல வடத்தில் நானோநொடிக்குச் சுமார் 20 செ.மீ. ஹாப்பரின் காலத்தில் அது பெரிய கணினிகளைக் கட்டிய பொறியாளர்களின் கவலை. இன்று சுவரில் கணினி மாட்டும் ஒரு கல்லூரி மாணவரின் கவலையும் அதுவே.

சாதாரணக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டில் நேராகச் செருகப்பட்டு, அதற்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் அப்படி விட்டால் பார்க்க நன்றாக இருக்காது. எடையும் முன்னால் தள்ளி நிற்கும். அதனால் ரைசர் கேபிள் என்ற பட்டையான வடத்தால் கார்டைத் தனியே இழுத்து, பலகைக்கு இணையாகப் படுக்க வைக்கிறார்கள். பார்வைக்கு அது வெறும் நீட்டிப்பு வடம். உள்ளே, ஸ்லாட்டின் 16 தடங்களுக்கும் போக ஒரு இணை, வர ஒரு இணை என்று 64 தரவுக் கம்பிகள் ஓடுகின்றன.

இந்த இணைப்பு முறைக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். 2010இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 800 கோடி பிட்டுகள் போகும். 2017இல் வரையறுக்கப்பட்ட நான்காம் தலைமுறையில் 1600 கோடி. 2019இல் ஐந்தாம் தலைமுறையில் 3200 கோடி. கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். நான்காம் தலைமுறையில் ஒரு பிட் நீடிக்கும் நேரம் 0.0625 நானோநொடி. அதற்குள் குறியீடு நகரும் தூரம் ஒன்றேகால் செ.மீ. அப்படியானால் 20 செ.மீ. ரைசர் கேபிளின் ஒரு தடத்துக்குள் எந்தக் கணத்திலும் 16 பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணத்தில் இருக்கின்றன. முதல் பிட் இறங்குவதற்குள் பதினாறாவது ஏறிவிட்டது. ஐந்தாம் தலைமுறையில் அதே வடத்துக்குள் 32 பிட்டுகள் இருக்கும்.

பிட்டுகள் நெருங்க நெருங்க, அவற்றின் விளிம்புகள் மழுங்குவதும் அதிகமாகிறது. இவ்வளவு வேகமான மின்னோட்டம் கம்பியின் உட்பகுதிக்குள் போவதே இல்லை. நான்காம் தலைமுறையின் அதிர்வெண்ணில் அது செம்பின் மேற்பரப்பில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தோலில் மட்டும் ஓடுகிறது. மீதிச் செம்பு சும்மா கிடக்கிறது. கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு ஆற்றலை உறிஞ்சுகிறது. நான்காம் தலைமுறைக்கு அளிக்கப்பட்ட மொத்த இழப்பு வரம்பு 28 டெசிபெல். புறப்பட்ட மின்னழுத்தத்தில் 25இல் ஒரு பங்கு மறுமுனைக்கு வந்தால் போதும் என்று பொருள். மதர்போர்டின் தடங்கள், ஸ்லாட், கார்டு எல்லாமே இந்த வரம்பிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். நடுவே புகுத்தும் ரைசர் கேபிளுக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசைக் கார்டுகள் நான்காம் தலைமுறை வேகத்தோடு வந்தபோது இந்த விஷயம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் தலைமுறை ரைசர் கேபிள்களில் புதிய கார்டைச் செருகியதும் திரை கருப்பாகவே நின்றது, அல்லது நடுவே தடுமாறி விழுந்தது. கார்டும் மதர்போர்டும் நான்காம் தலைமுறை வேகத்தில் பேச ஒப்புக்கொள்கின்றன. இடையிலுள்ள வடத்துக்குத்தான் அந்த வேகம் தாங்கவில்லை. தீர்வு எளிது. பயாஸுக்குள் போய் ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கிவிட்டால் கணினி எழுந்துவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் அதனால் வேகம் சில சதவீதமே குறையும். அதைவிட நல்ல தீர்வு, ஒவ்வொரு இணையும் தனித்தனியாகக் கவசமிடப்பட்ட, தேவைக்கு மேல் ஒரு செ.மீ.கூட நீளாத வடம். சுவர்க் கணினியின் மொத்த அமைப்பையும் இந்த ஒரு வடத்தின் நீளத்தை வைத்தே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

மின்சார வடங்களுக்கு இந்த நெருக்கடி கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டின் எட்டு முனை இணைப்பு 150 வாட் வரை தரும்; 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர், மூன்று கம்பிகளில் பகிர்ந்து ஓடுகிறது. வழக்கமான 18 கேஜ் கம்பியை அரை மீட்டர் கூடுதலாக நீட்டினால், போக வர மொத்தம் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கமோ 5 சதவீதம், அதாவது 0.6 வோல்ட். எனவே மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பலகையின் எந்த மூலையிலும் வைக்கலாம். சேட்டா ஹார்ட் டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைக்கலாம். யு.எஸ்.பி. 2.0 வடம் ஐந்து மீட்டர் போகும்.

மறுமுனையில், எவ்வளவு ஆசைப்பட்டாலும் நகர்த்த முடியாதது ரேம். நொடிக்கு 600 கோடி முறை தரவு மாற்றும் டி.டி.ஆர்.5 நினைவகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 0.17 நானோநொடி, சர்க்யூட் பலகையின் செம்புத் தடத்தில் அது இரண்டரை செ.மீ. தூரம். ஒரே சமயத்தில் கிளம்பும் பிட்டுகள் ஒரே சமயத்தில் சேர வேண்டும் என்பதற்காக, கிட்டே உள்ள முனைக்குப் போகும் தடத்தை வேண்டுமென்றே நெளிநெளியாக வளைத்து நீளமாக்கியிருப்பார்கள். ரேம் ஸ்லாட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த நெளிவுகள் கண்ணுக்கே தெரியும்.

சீமோர் கிரே இதை எப்போதோ அறிந்திருந்தார். 1976இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன அவருடைய கிரே-1 சூப்பர் கணினி வட்டத்தில் ஒரு வாய் திறந்த வடிவில் நின்றது. வட்டத்தின் உட்புறத்தில் எந்தக் கம்பியும் சுமார் 1.2 மீட்டரைத் தாண்டாதபடி எல்லாம் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் காரணம். 12.5 நானோநொடிக்கு ஒரு துடிப்பு என்ற வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

நேரெதிர் முனையில் ஒரு கணினி கேம்பிரிட்ஜில் இருக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் நியூமன் ஒரு பிராசசரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். 42,300 டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியே கையால் சால்டர் செய்து, 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சுவராகவே 16 பிட் பிராசசரைக் கட்டி 2016இல் முடித்தார். மெகாபிராசசர் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான எல்.ஈ.டி. விளக்குகள் ஒவ்வொரு பிட்டும் மாறுவதைக் காட்டும். டெட்ரிஸ் விளையாட்டும் ஓடும். ஆனால் அதன் வேகம் கிலோஹெர்ட்ஸ் கணக்கில்தான், இன்றைய பிராசசரைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் குறைவு. கணினியை உண்மையிலேயே முழுவதுமாகச் சுவரில் பரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைக்காது.

ரைசர் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது தரவை மட்டுமல்ல, மின்சாரத்தையும் சுமக்கிறது. ஸ்லாட் வழியே 75 வாட் வரை. 2020இல் என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய கேபினட்டில், ரைசர் பலகையைப் பிடித்திருந்த இரண்டு உலோகத் திருகாணிகள் பலகைக்குள் ஓடும் 12 வோல்ட் பகுதியைத் தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் தெரியவந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 கேபினட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பெரிய நிறுவனத்தின் வடிவமைப்பில் நடந்தது வீட்டுப் பலகையிலும் நடக்கலாம். துளையைச் சுற்றி எவ்வளவு இடைவெளி இருக்கிறது, திருகாணிக்கு நைலான் வாஷர் வேண்டுமா என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்ப்பது நேர விரயமல்ல.

அடுத்தது வெப்பம். வலுவான பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் முழு வேகத்தில் 500 வாட்டை எளிதாகத் தாண்டும். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. பெட்டி இருந்தபோது முன்விசிறி இழுத்த காற்று பாகங்கள்மேல் பட்டு, பின்விசிறி வழியே வெளியேறும். பெட்டியின் சுவர்களே காற்றுக்குப் பாதை வகுத்தன. திறந்த பலகையில் காற்று தன் இஷ்டத்துக்குச் சிதறும். பிராசசருக்கும் கார்டுக்கும் சொந்த விசிறி இருப்பதால் அவை பிழைத்துக்கொள்ளும். மதர்போர்டின் மின்சீராக்கும் பகுதியும் எஸ்.எஸ்.டி.யும் காற்றே படாமல் சூடேறுவதைத்தான் புதிதாகச் செய்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இந்த இடத்தில் தண்ணீர் உதவிக்கு வருகிறது. ஒரே கனஅளவுக்கு ஒப்பிட்டால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். 500 வாட் வெப்பத்தைக் காற்றின் சூடு 10 டிகிரி மட்டும் ஏறும்படி எடுத்துச் செல்ல நிமிடத்துக்கு 2,500 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினாலே அதன் சூடு இரண்டு டிகிரிகூட ஏறாது. கட்டைவிரல் தடிமனுள்ள குழாய் போதும். அந்த வெப்பத்தைப் பலகையின் வேறு மூலையிலுள்ள ரேடியேட்டர் காற்றில் விடும். தரவுக் கம்பியை நீட்ட முடியாமல் தவித்தவருக்கு, வெப்பத்தை விரும்பிய தூரத்துக்குக் கொண்டுபோக முடிவது பெரிய விடுதலை. சுவரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியின் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோரா-3 ரேடியேட்டரில் ஒன்பது விசிறிகள் பொருந்தும். ரேடியேட்டர் பெரிதானால் விசிறி மெதுவாகச் சுழன்றால் போதும். விசிறியின் வேகம் பாதியானால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறைகிறது. காதுக்கு அது மிகப் பெரிய வேறுபாடு.

சுவரில் மாட்டியதும் பலருக்கு ஒரு பயம் வரும்: கீழேயுள்ள பம்ப், ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுமா? இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் டி5 பம்ப் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்கே ஏற்றும் திறன் கொண்டது. ஆனால் ஒருமுறை குழாய் முழுவதும் நிரம்பிவிட்டால் உயரம் ஒரு பொருட்டே அல்ல. ஒரு பக்கம் ஏறும் தண்ணீரின் எடையை மறுபக்கம் இறங்கும் தண்ணீரின் எடை சமன்செய்கிறது. பம்ப் போராட வேண்டியது குழாய் வளைவுகளின் உராய்வோடு மட்டுமே. உயரம் தொல்லை தருவது நிரப்பும்போதுதான். பம்ப் தன் அச்சுக்குத் தண்ணீரையே உயவாகக் கொண்டது. உலர்ந்து ஓடினால் கெட்டுவிடும். ஆகவே நீர்த்தொட்டி பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும். காற்றுக் குமிழிகள் உச்சிக்கே போய்த் தேங்குமென்பதால், மொத்தச் சுற்றிலும் மிக உயரமான இடத்தில் ஒரு மூடி வேண்டும்.

குழாய்களை வளைப்பது தனிக் கலை. பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி வாக்கில் இளகும். அக்ரிலிக் இன்னும் 20, 25 டிகிரி அதிகம் கேட்கும். உள்ளே சிலிக்கோன் கயிற்றைச் செருகிக்கொண்டு, ஹீட் கன்னைக் குழாய்க்கு மேல் சீராக உருட்டி, குழாய் தன் எடையாலேயே தொங்கத் தொடங்கும்போது அச்சில் வைத்து வளைப்பார்கள். கயிறு இல்லையென்றால் வளைவு நசுங்கிவிடும். அவசரப்பட்டால் உள்ளே குமிழி வெடிக்கும்.

உலோகத் தேர்வில் சமரசம் செய்யக் கூடாது. சில்லின்மேல் அமர்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் செம்பு வாட்டர் பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அது ஒரு மின்கலமாகவே செயல்படும். இரண்டின் திட்ட மின்னழுத்தங்களுக்கு இடையே 2 வோல்ட் வேறுபாடு உண்டு. அலுமினியம் அரித்துக்கொண்டே போகும், கரைந்தது வாட்டர் பிளாக்கின் மெல்லிய இடைவெளிகளை அடைக்கும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்ற குடும்பத்துக்குள்ளேயே நின்றுகொள்வது நல்லது. தண்ணீரும் வடிநீராக, பாசி தடுக்கும் மருந்தோடு இருக்க வேண்டும். இன்னொரு எல்லையையும் மனதில் வைக்க வேண்டும்: எவ்வளவு பெரிய ரேடியேட்டரானாலும் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. ஐரோப்பிய அறையில் 22 டிகிரியில் ஓடும் கணினிக்கான அளவுகளை அப்படியே எடுத்து, மே மாதச் சென்னையின் மாடி அறைக்குப் பொருத்தினால் கணக்கு பொய்க்கும்.

புவியீர்ப்பும் இதில் பங்கெடுக்கிறது. காற்றால் குளிரும் கார்டுகளுக்குள் வெப்பக் குழாய்களோ ஆவிக்கலமோ இருக்கும். 1963இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் இந்தத் தத்துவத்தைச் செயல்படுத்திக் காட்டினார். மூடிய செம்புக் குழாய்க்குள் சிறிதளவு தண்ணீர். சில்லின் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே ஊறித் திரும்பும். சூடான முனை மேலேயும் குளிர்ந்த முனை கீழேயும் இருந்தால் தண்ணீர் ஏற்றத்தில் ஊற வேண்டியிருக்கும். 2022 டிசம்பரில் வந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகள் சிலவற்றில் இது வெட்டவெளிச்சமானது. வழக்கம்போல் கிடைமட்டமாகச் செருகினால் சூடு 110 டிகிரியைத் தொட்டது. கார்டின் நிலையை மாற்றி நிறுத்தினால் இறங்கியது. ஒரு தொகுதிக் கார்டுகளின் ஆவிக்கலத்தில் போதிய தண்ணீர் இல்லை என்று 2023 ஜனவரியில் நிறுவனம் விளக்கியது. சுவரில் கார்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது அழகு மட்டும் சார்ந்த முடிவல்ல.

எல்லாம் சேர்ந்தால் பலகையின் எடை 15 கிலோவை எளிதில் தொடும். 15 கிலோவைச் செங்கல் சுவர் பொருட்படுத்தாது. பயப்பட வேண்டியது அந்த எடை எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பதற்கு. எடைமையம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியும், மேல் திருகாணிக்கும் பலகையின் கீழ்விளிம்புக்கும் நடுவே 60 செ.மீ. இடைவெளியும் இருந்தால், மேல் திருகாணிகளை வெளியே பிடுங்கும் விசை 2.5 கிலோ எடைக்குச் சமம். கார்டை நீட்டிக்கொண்டிருக்க விட்டு எடைமையத்தை 20 செ.மீ.க்குத் தள்ளினால் அது இரட்டிப்பாகும். பலகையைக் குட்டையாக்கினாலும் விசை கூடும். ரைசர் கேபிள் கார்டைப் படுக்க வைத்தது இங்கேயும் கைகொடுக்கிறது.

திருகாணியைச் சுவர் பிடித்துக்கொள்வதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தும் ஒப்பந்தம் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. அதற்காக அவர் சணல் நாரால் ஒரு சிறு குழலைச் செய்தார். துளையில் செருகித் திருகாணியை முறுக்கினால் நார் விரிந்து சுவரை இறுகப் பற்றும். நூறாண்டுக்கு மேலாகியும் ஹார்டுவேர் கடைகளில் ராவல் பிளக் என்று கேட்டு வாங்குவது அதன் வாரிசைத்தான். நம் ஊர்ச் சுவர்களில் மேற்பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் அந்த பிளக் போய்ச் சேர வேண்டும். பூச்சை மட்டும் நம்பினால் கையோடு வந்துவிடும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் கன்சீல்ட் வயரிங் ஓடும் என்பதால் அங்கே டிரில்லிங் மெஷினை வைக்கவே கூடாது. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் இரண்டாவது துளை போடவும் கூடாது. அமெரிக்க வீடுகளில் நிலைமை வேறு. அங்கே உட்சுவர் பெரும்பாலும் 12.7 மி.மீ. ஜிப்சம் பலகை, அதன் பின்னால் 40 செ.மீ. இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்களைத் தேடிப்பிடித்து அவற்றில்தான் திருக வேண்டும். அந்த மெல்லிய சுவர் மத்தளத் தோலைப் போல அதிரக்கூடியது. பம்ப்பின் சிறு முனகலும் அறை முழுக்கக் கேட்கும். ரப்பர் துண்டுகளை இடையே வைக்காமல் அங்கே பம்ப்பைப் பொருத்துவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காவலையும் கேபினட் செய்துவந்தது. வேகமாக மாறும் மின்னோட்டம் எதுவும் வானொலி அலைகளை உமிழும். உலோகப் பெட்டி அதை அடைத்துவைக்கும். 1975இல் கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கணினிக் கழகக் கூட்டமொன்றில் ஸ்டீவ் டோம்பியர் என்ற உறுப்பினர், தன் ஆல்டேர் 8800 கணினியின் அருகில் ஒரு ரேடியோவை வைத்து, அது உமிழும் குறுக்கீட்டைக் கொண்டே பீட்டில்ஸ் பாடலொன்றை வாசிக்கச் செய்தார். அன்று அது கொண்டாட்டம். ஆனால் 1977இல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல்-1 கணினியின் குறுக்கீடு, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் புதிய வரம்புகளை மீறியதால், 1981இன் தொடக்கத்தில் அங்கே அதன் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைய மதர்போர்டுகள் துடிப்பின் அதிர்வெண்ணைச் சற்றே அசைத்து அசைத்து உமிழ்வைப் பரவலாக்கிச் சமாளிக்கின்றன. ஆனாலும் திறந்த பலகையில் தொல்லை வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. யு.எஸ்.பி. 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் 2012இல் ஆவணமாகவே வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் வேலை செய்வதும் அதே பகுதியில்தான். மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால், அதன் ரிசீவரை ஒரு நீட்டிப்பு வடத்தில் பலகையை விட்டுத் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தூசிக்கு மருந்து பிரஷ்தான். கடலோர ஊர்களில் மட்டும் அது போதாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ ஈரப்பதம் இரவில் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம். தூசியோடு படிந்த உப்பு அப்போது மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிறது. திறந்த பலகையின் முன்னால் சில செ.மீ. இடைவெளி விட்டு ஓர் அக்ரிலிக் தகட்டை நிறுத்துவது இங்கே அலங்காரமல்ல, தேவை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் அழகுக்காக எவரும் கழற்றக் கூடாது. உள்ளேயுள்ள மின்தேக்கியில் 400 வோல்ட் வரை தேங்கியிருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது.

தண்ணீரை நிரப்பும் நாளில் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரமே கொடுப்பதில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கருப்புக் கம்பியையும் இணைத்தால் அது தனியாக எழும். அதில் பம்ப்பை மட்டும் மாட்டி ஓட விடுவார்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதம் சுற்றியிருக்கும். ஒரு நாள் முழுக்க அது உலர்ந்தே இருந்தால்தான் மற்ற இணைப்புகள்.

பலகை செய்யும்போது பல ஆண்டுகளையும் கணக்கில் கொள்ளலாம். ஏ.டி.எக்ஸ். மதர்போர்டின் துளைகள் 1995இல் எங்கே இருந்தனவோ ஏறக்குறைய அங்கேயேதான் இன்றும் இருக்கின்றன. இன்று போடும் துளைகளில் நாளைய பலகையும் உட்காரும். கிராஃபிக்ஸ் கார்டு அப்படியல்ல. 2016இல் என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1080 கார்டின் நீளம் 267 மி.மீ.; 2022இல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் நீளம் 304 மி.மீ., தடிமன் மூன்று ஸ்லாட். அதனால் அனுபவமுள்ளவர்கள் மதர்போர்டுக்கு நிரந்தரத் துளைகளைப் போட்டுவிட்டு, கார்டைத் தாங்கும் சட்டத்துக்கு மட்டும் நீள்துளைகளை வெட்டுகிறார்கள். கார்டு மாறும்போது சட்டத்தைத் தளர்த்தி நகர்த்திக்கொண்டால் போதும். சுவரில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை.